மானாவாரி வேலையா, நிலையான வேலையா?

(புதிதாக ஹெவி லைசென்ஸ் எடுத்த இளைஞர்களுக்காகக் கோவில்பட்டியில் கூட்டிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தோழர்களே! தம்பிமார்களே!

இங்கே வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் சட்டைப் பையில் புது லைசென்ஸை வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். கூட்டம் ஆரம்பமாகும் முன்பே சிலர் அதை எடுத்து எங்களிடம் காட்டினீர்கள். காட்டும்போது முகத்தில் ஒரு சந்தோஷம், உடனே அடுத்த கேள்வி: "இதை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது? யார் வண்டி கொடுப்பார்கள்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் கூடியிருக்கிறோம். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. வண்டி கிடைப்பது ஒன்று. வேலை கிடைப்பது வேறொன்று. வண்டியில் ஏறி உட்கார்ந்தவனெல்லாம் நிலையான வேலை பெற்றவன் ஆகிவிட மாட்டான். இந்த வித்தியாசம் புரியாமல் எத்தனையோ பேர் ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு, "நமக்கு இந்தத் தொழில் ராசியில்லை" என்று வீட்டுக்குத் திரும்பியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ராசி என்ன செய்யும்? கோளாறு கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறோம்.

கரிசல் காட்டுக் கணக்கு

நாம் எல்லோரும் மானாவாரிச் சீமையில் பிறந்தவர்கள். ஆற்றுப் பாசனம் நமக்கு இல்லை. புரட்டாசியில் மேகத்தைப் பார்த்து விதை தூவி, ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி, தை மாசியில் எதையாவது வீட்டுக்குக் கொண்டுவருகிற ஜனங்கள் நாம். உளுந்து, பாசி, பருத்தி, கம்பு, வத்தல், இப்போது மக்காச்சோளம். மழை பெய்தால் விளையும். ஒரு மழை தவறினால் போட்ட விதையும் போயிற்று, வாங்கிய கடனும் நின்றுகொண்டது.

அதனால்தான் நம் தகப்பனார் காலத்திலேயே ஜனங்கள் காட்டை விட்டு வேறு ஜீவனம் தேடினார்கள். பஞ்சாலைக்குப் போனார்கள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். சிவகாசியில் 1923-ல் ஊன்றிய தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் என்று பரவி, வீட்டுக்கு வீடு நுழைந்தது. ஆனால் அங்கேயும் மழைதான் எஜமான். மழை பெய்தால் காட்டில் வேலை உண்டு, தீப்பெட்டியில் குச்சி காயாது. வெயிலடித்தால் குச்சி காயும், காட்டில் வேலை இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே நம் தாய்மார்கள் ஓடி ஓடித்தான் குடும்பத்தை நடத்தினார்கள்.

லாரித் தொழில் நமக்கு ஏன் பெரிதாகத் தெரிகிறது? காரணம் இதுதான். ஊருக்குப் பக்கத்திலேயே பெரிய ரோடு போகிறது. காசியிலிருந்து குமரிக்கு வந்த பழைய 7-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையின் இந்தப் பகுதி, 2010-ல் நம்பர் மாற்றியபோது, ஸ்ரீநகர்-குமரி சாலையான 44 ஆயிற்று. இரவும் பகலும் வண்டி ஓடுகிறது. மேகம் பார்க்க வேண்டியதில்லை. மழையானாலும் வெயிலானாலும் சரக்கு போய்த்தானே ஆக வேண்டும்? இந்தத் தொழிலில் வருஷம் முழுவதும் கூலி உண்டு என்று நினைத்துத்தான் ஒவ்வொரு தாயும் காதிலும் கழுத்திலும் கிடந்ததை அடகு வைத்து மகனை டிரைவிங் ஸ்கூலில் சேர்க்கிறாள்.

ஆனால் உண்மை என்ன? லாரி வேலையையும் மானாவாரி ஆக்கி வைத்திருக்கிறார்கள், தோழர்களே! இங்கே மழைக்குப் பதில் லோடு. லோடு கிடைத்தால் கூலி. கிடைக்காவிட்டால் டெல்லிக்குப் பக்கத்திலோ நாகபுரிக்குப் பக்கத்திலோ வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

இரண்டு புகார்கள்

லாரி செட்டுகளில் விசாரித்தால் முதலாளிகள் ஒரே குரலாகச் சொல்வார்கள்: "டிரைவரே கிடைக்கவில்லை. வண்டி நிற்கிறது." நமது இளைஞர்களோ, "லைசென்ஸ் எடுத்து எட்டு மாதமாகிறது. வேலை கிடைக்கவில்லை" என்கிறார்கள். இந்த இரண்டு புகாரும் ஒரே சமயத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

முதலாளி கேட்பது லைசென்ஸ் வைத்திருப்பவனை அல்ல. இரண்டு மூன்று வருஷம் லைனில் ஓட்டிப் பழகியவனை. அந்தப் பழக்கத்தை எங்கே பெறுவது? முன்காலத்தில் அதற்கு ஒரு வழி இருந்தது. பையன் கிளீனராக ஏறுவான். தார்ப்பாய் கட்டுவான், கயிறு இழுப்பான், டயர் மாற்றுவான், டிரைவருக்குச் சோறு பொங்குவான். திட்டும் அடியும் வாங்குவான். அது நல்ல ஏற்பாடு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அதில் எத்தனையோ கொடுமை இருந்தது. ஆனால் இரண்டு மூன்று வருஷத்தில் ஆளில்லாத ரோட்டில் டிரைவர் அண்ணாச்சி ஸ்டியரிங்கைக் கையில் கொடுப்பார். அவன் இரண்டாம் டிரைவராகி, பிறகு முழு டிரைவராவான்.

இன்று வாடகை கட்டவில்லை என்று முதலில் கிளீனரை இறக்கினார்கள். பிறகு இரண்டாம் டிரைவரையும் இறக்கினார்கள். ஒரே ஆள் ஓட்டுகிற வண்டிகள் பெருகிவிட்டன. தொழில் கற்றுக்கொள்ளும் ஏணியின் கீழ்ப் படிகளை உடைத்துவிட்டு, மேல்படியில் நிற்க ஆள் இல்லையே என்று புலம்பினால் யார் குற்றம்?

அந்த இடைவெளியில்தான் தரகன் நுழைகிறான். "ஐயாயிரம் கொடு, சங்ககிரியில் வண்டி ஏற்றி விடுகிறேன்; பத்தாயிரம் கொடு, டிரெய்லர் வாங்கித் தருகிறேன்" என்கிறான். தம்பிமார்களே, ஒன்றை நிச்சயமாகச் சொல்லுகிறோம். டிரைவர் கிடைக்காமல் வண்டி நிற்கிற காலத்தில், வேலைக்காகப் பணம் கேட்கிறவன் வேலை கொடுக்கிறவன் அல்ல. ஒரு காசு கொடுக்காதீர்கள்.

ஒரு தம்பியின் நோட்டுப் புத்தகம்

நமது பக்கத்துக் கிராமத்துத் தம்பி ஒருவனுடைய அனுபவத்தைச் சொல்லுகிறோம். பெயர் வேண்டாம், அவனைப் போல நூறு பேர் இருக்கிறார்கள். தகப்பன் இல்லை. தாயார் தீப்பெட்டி ஆபீசில் வேலை. கம்மலை அடகு வைத்து லைசென்ஸ் எடுத்தான். ஏழெட்டு மாதம் அலைந்து, கடைசியில் இரண்டு வண்டி வைத்திருக்கும் ஒரு முதலாளியிடம் பத்துச் சக்கர டாரஸ் கிடைத்தது. கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஏற்றி டெல்லிப் பக்கம் இறக்க வேண்டும். மதுரை, சேலம், பெங்களூர், ஐதராபாத், நாகபுரி, ஜான்சி, ஆக்ரா என்று 2,600 கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்பி வர டிரிப் கூலி 18,000 ரூபாய் என்று பேச்சு.

தாய்க்குச் சந்தோஷம். போக ஆறு நாள், வர ஆறு நாள். 12 நாளைக்கு 18,000. நாளுக்கு 1,500 ரூபாய்! தீப்பெட்டி ஆபீசில் எந்தக் காலத்தில் இப்படிப் பார்த்தாள்?

நடந்தது என்ன? போக ஆறு நாள் சரி. அங்கே போய்ச் சேர்ந்தால் கிடங்கில் இடமில்லை. இறக்க மூன்று நாள். ரிட்டர்ன் லோடுக்காகக் காத்திருந்தது ஐந்து நாள். திரும்பி வர ஆறு நாள். கோயம்புத்தூரில் இறக்க இரண்டு நாள். மொத்தம் 22 நாள். ஓடியது 12 நாள். நின்றது 10 நாள். 18,000-ஐ 22-ஆல் வகுத்தால் 818 ரூபாய் சொச்சம். நின்ற 10 நாளும் சாப்பாடு, குளிக்க, கக்கூசுக்கு என்று நாளுக்கு 250 ரூபாய் கைக்காசு போயிற்று. அந்த 2,500-ஐயும் கழித்தால் நாளுக்கு 704 ரூபாய் சொச்சம். டீசல் குறைந்தது என்று பிடித்ததும், முன்பணத்தில் பிடித்ததும் தனி.

இப்படி மூன்று டிரிப் ஓட்டிவிட்டு எங்களிடம் வந்தான். "அண்ணாச்சி, நாளுக்கு 1,500 என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள். இறங்கிவிடட்டுமா?" என்று கேட்டான்.

இங்கே சுயவிமர்சனமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் அன்று அவனுக்குச் சொன்ன புத்தி தவறானது. "புதுசுதானே தம்பி, பொறுத்துக்கொள், இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினால் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினோம். ஆலைத் தொழிலாளியின் பஞ்சப்படிக் கணக்கைத் தலைகீழாக அறிந்த நாங்கள், லாரித் தொழிலாளியின் நிற்கும் நாளைக் கணக்கில் எடுக்கவில்லை. பொறுத்துக்கொண்டால் என்ன சரியாகும்? பத்து வருஷ சர்வீஸ் உள்ள டிரைவருக்கும் நிற்கும் நாளுக்குக் கூலி இல்லை என்றால், பொறுமையால் என்ன பிரயோஜனம்?

அடுத்த முறை அவன் வந்தபோது கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. எந்தத் தேதி எத்தனை மணிக்குக் கிடங்கு வாசலுக்குப் போனான், எப்போது உள்ளே விட்டார்கள், எப்போது இறக்கி முடிந்தது, யார் சீட்டுக் கொடுத்தார்கள் என்று பென்சிலால் எழுதியிருந்தான். வாசல் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருந்தான். சரக்கு ரசீதைப் பார்த்தோம். பின்பக்கத்தில் பொடி எழுத்தில், இறக்குவது தாமதமானால் நாளுக்கு இவ்வளவு ஹால்ட்டிங் என்று அச்சடித்திருந்தது. அந்தப் பணம் யாருக்குப் போயிற்று?

முதலாளியிடம் போனோம். அவர் சத்தியம் செய்தார், தமக்கு வரவில்லை என்று. அது வாஸ்தவமாகவே இருந்தது. புக்கிங் ஆபீசில் அதைக் கேட்டு வாங்கும் துணிச்சல் அவருக்கு இல்லை. கேட்டால் அடுத்த லோடு கிடைக்காது என்ற பயம். கடைசியில் முதலாளியும் டிரைவரும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சேர்ந்தே போனார்கள். பல நாள் பேச்சுக்குப் பிறகு மூன்று நாளுக்குரிய ஹால்ட்டிங் கிடைத்தது. அதில் பாதி டிரைவருக்கு. பெரிய தொகை அல்ல. ஆனால் நின்ற நாளுக்கும் கூலி உண்டு என்பது முதன்முதலாக அவன் கையில் ரூபாயாக வந்தது. தாயாரின் கம்மல் அப்போதும் அடகுக் கடையில்தான் இருந்தது. மீட்க இன்னும் ஒரு வருஷம் பிடித்தது. மிகைப்படுத்திச் சொல்ல நாங்கள் விரும்பவில்லை.

இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன? ஓடும் நாளுக்கு எவ்வளவு என்று கேட்பவன் மானாவாரி டிரைவர். நிற்கும் நாளுக்கு எவ்வளவு என்று கேட்பவன்தான் நிலையான வேலை தேடுகிற டிரைவர்.

சட்டம் என்ன சொன்னது?

"நின்ற நேரத்துக்கும் கூலி கேட்பது பேராசை" என்று சிலர் சொல்லலாம். 1961-ல் பாராளுமன்றம் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. வேலை நேரம் என்றால் என்ன என்று அதில் விளக்கியிருந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் நேரம் மட்டும் என்று சொல்லவில்லை. தொழிலாளி எவ்வளவு நேரம் முதலாளியின் ஏவலுக்குக் கட்டுப்பட்டிருக்கிறானோ அவ்வளவும் வேலை நேரம் என்றார்கள். அதே விளக்கத்தில், வண்டி போய் நிற்கும் இடத்தில் அழைப்புக்காகக் காத்திருப்பது 15 நிமிஷத்துக்குள் இருந்தால் அதுவும் வேலை என்று சேர்த்தார்கள். 15 நிமிஷத்துக்கு மேல் நின்றால்? ஐந்து நாள் நின்றால்? அதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டார்கள். நமது 10 நாள் கூலி அந்தச் சந்தில்தான் விழுந்து காணாமல் போகிறது.

அந்தச் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. தூர லைனில் அனுமதி பெற்று நீட்டினாலும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணிக்கு மேல் கூடாது. ஐந்து மணி வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் ரஜா. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்றெல்லாம் சொன்னது. யாருக்கு? ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனத்துக்கு. நமது தம்பியின் முதலாளிக்கு வண்டியே இரண்டுதான்! வாசலிலேயே சட்டம் நின்றுவிட்டது.

இன்று அந்தச் சட்டம் தனியாக இல்லை. 2020-ல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் அதைக் கரைத்துவிட்டார்கள். நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளும் 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தன. ஐந்து பேர் என்ற வரம்பு பத்துப் பேர் ஆயிற்று. வாசல் இன்னும் உயர்ந்துவிட்டது.

அப்படியானால் சிறு முதலாளியிடம் ஓட்டுகிறவனுக்கு ஒன்றுமே கிடையாதா? உண்டு. 2019-ஆம் வருஷத்துச் சம்பளச் சட்டத்தொகுப்பு ஆள் எண்ணிக்கை பார்ப்பதில்லை. குறைந்தபட்சக் கூலியும், சம்பளச் சீட்டும் கேட்க உங்களுக்குப் பாத்தியதை உண்டு. விபத்தில் அடிபட்டால் நஷ்டஈடு என்பது 1923 முதலே இருக்கிற உரிமை. இப்போது அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென்று நல வாரியமும் இருக்கிறது. ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "நீ அந்த வண்டியில் வேலை செய்தாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?" வாய்ப்பேச்சு அத்தாட்சி ஆகாது.

சிறு முதலாளி யார் பக்கம்?

ஒரு விஷயத்தில் தெளிவாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்களில் பலர் பழைய டிரைவர்கள். மாதத் தவணை, இன்சூரன்ஸ், டயர், எஃப்.சி., சுங்கச் சாவடி என்று கழுத்தைப் பிடிக்கிறது. எட்டூர்வட்டத்தில் ஒன்று, சாலைப்புதூரில் ஒன்று என்று இங்கிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் சாவடி. வண்டி நின்றால் அவருக்கும் நஷ்டம். நிற்கும் நாளால் லாபம் அடைகிறவன் யார்? சொந்தக் கிடங்கு கட்டாமல் நமது லாரியையே கிடங்காக வைத்துக்கொள்ளும் பெரிய சரக்குக்காரன். அவனிடம் வாயைத் திறக்காமல் டிரைவர் தலையில் கட்டும் புக்கிங் ஆபீஸ்.

ஆகவே சிறு முதலாளியிடம் நமக்குக் கூலிச் சண்டை உண்டு. அதை விட முடியாது. ஆனால் ஹால்ட்டிங் விஷயத்தில் அவரையும் நம்மோடு அழைத்துப் போக முடியும். நோட்டுப் புத்தகம் அவருக்கும் உபயோகப்படும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

முதல் இரண்டு வருஷம் எப்படி?

புது லைசென்ஸுக்காரர் முதல் நாளே டெல்லி லைனுக்கு ஏற வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். லைட் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷமான பிறகுதான் ஹெவிக்கு எல்.எல்.ஆர். கிடைக்கும், வயது 20 ஆக வேண்டும். எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற விதியை 2019-ல் எடுத்துவிட்டார்கள். இங்கே வெளியே நிற்கிற, இன்னும் ஹெவி எடுக்காத தம்பிகளுக்கும் இதைச் சொல்லுகிறோம்: அந்த ஒரு வருஷத்தைச் சும்மா கழிக்காதீர்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை லைட் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்திருக்கிறார்கள். சாத்தூர், சிவகாசி, கழுகுமலை, எட்டயபுரம் என்று குட்டியானையிலோ மினி லாரியிலோ தீப்பெட்டிப் பண்டலும் கடலைமிட்டாயும் ஏற்றி ஓட்டினால், லோடு கட்டவும், பின்னால் எடுக்கவும், பேப்பர் பார்க்கவும் கை பழகிவிடும்.

ஹெவி கைக்கு வந்த பிறகு தூத்துக்குடியைப் பாருங்கள். இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர். 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இடம். திருப்பூர், கரூர்ச் சரக்கு கன்டெய்னரில் வருகிறது, உப்பு போகிறது, அனல் மின் நிலையத்துச் சாம்பல் சிமெண்டு ஆலைகளுக்குப் போகிறது. தூர லைனை விடக் கூலி குறைவாகத் தோன்றும். ஆனால் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பலாம். காத்திருப்பதும் நாளில் இல்லை, மணியில் இருக்கும். ஒரு வருஷம் அங்கே ஓட்டினவனை "அனுபவம் உண்டா?" என்று நாமக்கல்லிலோ சேலத்திலோ எவனும் திருப்பி அனுப்ப முடியாது.

அதற்குப் பிறகு தூர லைனுக்கு ஏறுங்கள். இரண்டு டிரைவர் உள்ள வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். கூலி பங்காகிறதே என்று கவலைப்படாதீர்கள். பழைய கைகாரரிடம் ஆறு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொள்வதைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. கேஸ், பெட்ரோல் டேங்கருக்குப் போக விரும்புகிறவர்கள் அபாயச் சரக்குக்கான மூன்று நாள் பயிற்சி பெற்று லைசென்ஸில் பதிந்துகொள்ள வேண்டும்.

சாவி வாங்கும் முன் கேட்க வேண்டியவை

எந்த முதலாளியிடமானாலும் சாவியைக் கையில் வாங்கும் முன் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: கூலி மாதச் சம்பளமா, டிரிப்பா, வாடகையில் பங்கா? எந்தத் தேதியில் கணக்கு முடிப்பீர்கள்?

இரண்டு: ஏற்ற, இறக்க, ரிட்டர்ன் லோடுக்கு நின்றால் முதல் நாளுக்குப் பிறகு நாளுக்கு எவ்வளவு படி? ஹால்ட்டிங் வந்தால் எங்களுக்கு எத்தனை பங்கு?

மூன்று: டீசல் கணக்கு எப்படி? காலி வண்டிக்கும் லோடு வண்டிக்கும், மலை ரோட்டுக்கும் சமதளத்துக்கும் ஒரே மைலேஜா? குறைந்தால் யார் தலையில்?

நான்கு: ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., பெர்மிட் எல்லாம் உயிரோடு இருக்கின்றனவா? இவற்றைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இன்சூரன்ஸில்தான் நாளை உங்கள் குடும்பத்தின் பாத்தியதை இருக்கிறது.

ஐந்து: வழியில் போலீஸ் அபராதம் போட்டால் யார் கட்டுவது? ஓவர்லோடு ஏற்றச் சொன்னது நீங்களென்றால் அபராதமும் உங்களுடையதுதானே?

இதையெல்லாம் கேட்டால் வேலை தர மாட்டார் என்று பயப்படுகிறீர்கள். கேட்ட மாத்திரத்தில் விரட்டுகிறவர் எப்படியும் மூன்றாம் டிரிப்பில் விரட்டத்தான் போகிறார். பத்திரம் எழுதிக் கொடுக்க மறுத்தால், பேசி முடித்த ஷரத்துகளை அன்றே போனில் அவருக்குச் செய்தியாக அனுப்புங்கள்: "அண்ணாச்சி, இன்று பேசியபடி இன்னின்ன" என்று மரியாதையாக. நாளை அதுவே அத்தாட்சி.

இன்னொன்று: பெரிய முன்பணம் வாங்காதீர்கள். முன்பணம் வாங்கியவன் வண்டியை விட்டு இறங்க முடியாது. தூக்கம் வந்தாலும் நிறுத்த முடியாது. விடிகாலை மூன்று மணிக்குக் கண் சொருகும்போது வண்டியை ஓரங்கட்டும் உரிமையைக் கடனுக்கு விற்றுவிடாதீர்கள். அந்த உரிமைதான் உங்கள் உயிர். எதிரே வருகிறவன் உயிரும் அதுவே.

உலகத்தில் மற்றவர்கள்

இது நம் நாட்டுக் கதை மட்டும் அல்ல. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1979-ல் ஒரு ஒப்பந்தம் வகுத்தது: தொடர்ந்து நான்கு மணிக்கு மேல் ஓட்டக்கூடாது, நாளுக்கு ஒன்பது மணிக்கு மேல் கூடாது, இருபத்து நான்கு மணியில் பத்து மணி தொடர்ந்து ஓய்வு. இந்திய சர்க்கார் அதை ஏற்கவில்லை. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் மைல் கணக்கில் கூலி வாங்கும் டிரைவர்கள், கிடங்கு வாசலில் காத்திருக்கும் நேரம் வீணாவதாக முறையிடுகிறார்கள்.

2023-ஆம் வருஷம் மார்ச் மாதம் ஜெர்மனியில் கிரேஃபன்ஹவுசன் என்ற இடத்தில், நெடுஞ்சாலை ஓரத்து வண்டி நிறுத்துமிடத்தில் 60-க்கும் மேற்பட்ட டிரைவர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பெரும்பாலோர் ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் நாட்டவர்கள், முதலாளியோ போலந்துக்காரர். ஊர் வேறு, பாஷை வேறு, சட்டம் தெரியாது. மாதக்கணக்கில் கூலி பாக்கி. முதலாளி அடியாட்களை அனுப்பி வண்டிகளைப் பறிக்கப் பார்த்தார், போலீசார் தடுத்தார்கள். ஜெர்மன் சங்கத்தாரும் அக்கம்பக்கத்து ஜனங்களும் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். சுமார் ஆறு வாரம் அப்படியே நின்றார்கள். ஏப்ரல் கடைசியில் கூலி பாக்கி வந்து சேர்ந்தது. ஒவ்வொருவனும் என்ன வேலை செய்தான், எவ்வளவு பாக்கி என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டிலும் 2024 ஜனவரி முதல் வாரத்தில் பல மாநிலங்களில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். விபத்துக்குப் பின் தகவல் சொல்லாமல் போனால் பத்து வருஷம் வரை சிறை என்ற புதிய பிரிவை எதிர்த்து நடந்தது அது. அந்தப் பிரிவை நீக்கி வைத்துவிட்டுத்தான் 2024 ஜூலை 1-ல் புதிய தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்தது. ஒருவரை ஒருவர் முகம் அறியாத டிரைவர்களால் ஒன்று சேர முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

என்ன செய்யப் போகிறோம்?

தோழர்களே! இங்கிருந்து போகும்போது எட்டணா வாக்குறுதி எதையும் நாங்கள் உங்கள் கையில் கொடுத்தனுப்பவில்லை. கோவில்பட்டியில் எல்லோருக்கும் வண்டி வாங்கித் தர எங்களால் ஆகாது. ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம், வாங்கிக்கொண்டு போங்கள். ஏறிய நாள், இறங்கிய நாள், நின்ற நாள், வாங்கிய பணம், பிடித்த பணம் எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுங்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் சங்க ஆபீசுக்குக் கொண்டுவாருங்கள். எந்தக் கிடங்கில் எத்தனை நாள் நிறுத்துகிறார்கள், எந்த புக்கிங் ஆபீஸ் ஹால்ட்டிங் கொடுக்கிறது, எது கொடுப்பதில்லை என்பதை எல்லாப் புத்தகங்களையும் சேர்த்து ஒரே கணக்காக எழுதுவோம். ஒருவன் புத்தகம் ஒருவனுடைய புலம்பல். நூறு புத்தகம் சேர்ந்தால் அது கோரிக்கை.

சங்கத்தில் சேருங்கள், நல வாரியத்தில் பதியுங்கள். அடுத்த தம்பி லைசென்ஸ் எடுத்து வரும்போது, இரண்டாம் டிரைவராக அவனைப் பக்கத்தில் உட்கார வைக்க முதலாளியிடம் வாதாடுங்கள். உடைந்த ஏணியை மறுபடி கட்டும் வேலை அங்கிருந்துதான் ஆரம்பமாகும்.

கரிசலில் மழை நம் கையில் இல்லை. வானத்தைப் பார்த்துக் காத்திருப்பதைத் தவிர நம் பாட்டன்மாருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் கிடங்கு வாசலில் நம்மை நிறுத்தி வைப்பது வானம் அல்ல, மனிதன். மனிதன் செய்த ஏற்பாட்டை மனிதர்கள் சேர்ந்து மாற்ற முடியும். நிற்கும் நாளுக்கும் கூலி கேட்போம். அந்த நாள் வந்தால்தான் லாரி வேலை நமக்கு நிலையான வேலை ஆகும்.